விலக்கு கொடுத்தே பழகிவிட்டோம்

மருத்துவமனைகளில் நெட்வொர்க் பார்க்கும் எங்களில் பெரும்பாலோரிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. 'ஐபி லிஸ்ட்' என்று அதற்குப் பெயர். எந்த முகவரியை எந்தக் கருவிக்குக் கொடுத்தோம் என்பது அதில் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் '10.10.4.37 – பழைய லேப்' என்று ஒரு வரி. பழைய லேப் இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கிடங்கு இருக்கிறது. அடுத்த வரியில் 'எக்ஸ்ரே – தற்காலிகம்'. அதற்குக் கீழே மஞ்சள் பூசிய மூன்று கட்டங்கள், எதுவும் எழுதாமல். மஞ்சள் எதற்கு என்று தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்தக் கோப்பை நம்பித்தான், ரத்தப் பரிசோதனைக் கருவியும் சிடி ஸ்கேனரும் ஐசியூ மானிட்டரும் சேர்ந்து ஓடும் நெட்வொர்க்கைப் பற்றி 'அனுமதிக் கட்டுப்பாடு அமலில் உள்ளது' என்று ஆடிட்டில் எழுதிக் கொடுத்தோம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பற்றி எங்களுக்குள் பேசிக்கொண்டோமே தவிர வெளியே சொன்னதில்லை. ஒருவர் இருவர் செய்த குற்றம் அல்ல இது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் தனித்தனியாக, ஆனால் ஒரே மாதிரி, நாங்கள் வளர்த்துவிட்ட பழக்கம்.

முதலில் அந்த நல்ல பாதி. 802.1எக்ஸ் என்ற தரநிலை 2001-ல் வந்தது. ஒரு லேப்டாப்பைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகியதும் ஸ்விட்ச் போர்ட்டைத் திறந்துவிடாது. 'நீ யார்' என்று கேட்கும். லேப்டாப் தன் சான்றிதழையோ கடவுச்சொல்லையோ கொடுக்கும். ஸ்விட்ச் அதை ரேடியஸ் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்து, எந்த விலானில், அதாவது நெட்வொர்க்கின் எந்தப் பகுதியில், விடலாம் என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் கதவைத் திறக்கும். டாக்டர்களின் லேப்டாப், பில்லிங் கவுன்ட்டர், அலுவலகக் கணினி எல்லாவற்றிலும் இதைச் செய்து முடித்தோம். எவ்வளவு முடிந்தது என்று நிர்வாகத்துக்குச் சதவீதமும் காட்டினோம். அந்தச் சதவீதத்தின் வகுக்கும் எண்ணில், கேட்டால் பதில் சொல்லத் தெரியாத கருவிகளை நாங்கள் சேர்க்கவே இல்லை.

அல்ட்ராசவுண்ட், ரத்த அனலைசர், லேபிள் பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், வருகைப் பதிவுக் கருவி, யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டு. இவற்றில் பலவற்றுக்கு 802.1எக்ஸ் தெரியாது. ஸ்விட்ச் கேட்டுக் கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் கருவியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியைப் பார்த்து, அது பட்டியலில் இருந்தால் உள்ளே விடும். மேக் முகவரியோ கருவியின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. வார்டுக்குள் வரும் யாரும் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தன் லேப்டாப்புக்கு அதே முகவரியைப் போட்டுக்கொள்ள முடியும். ஆகவே மேக் முகவரியை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே விட்டால், அவர் எங்கெங்கே போகலாம் என்பதை மிகக் குறுகலாக வரையறுத்தாக வேண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் எந்த வகுப்பிலும் இதைச் சொல்வார்கள். பட்டியல் போடும் வேலையைச் செய்தோம். வரையறுக்கும் வேலையை 'அப்புறம்' என்று வைத்தோம்.

நிலையான ஐபி என்று வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. சில கருவிகளுக்கு அது நியாயமாகவே வேண்டியிருக்கிறது. ஸ்கேன் படங்களை அனுப்பும் டைகாம் முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஏஇ டைட்டில், ஒரு ஐபி முகவரி, ஒரு போர்ட் எண் என்று மூன்றையும் படச் சேமிப்பு சர்வரில் முன்கூட்டியே பதிந்து வைக்கிறோம். ஏஇ டைட்டில் என்பது 16 எழுத்துக்குள் அடங்கும் ஒரு பெயர். அது கடவுச்சொல் அல்ல, யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வரலாம். ஐபி மாறிவிட்டால் படம் போய்ச் சேராது. அதனால் ரேடியாலஜியில் முகவரி மாறாமல் இருக்க வேண்டும் என்பதில் தவறில்லை.

ஆனால் மற்ற கருவிகளுக்கு அந்த நியாயம் கிடையாது. கம்பெனி இன்ஜினியர் மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்பார். "சார், ஒரு ஐபி குடுங்க, இன்னைக்கே இன்ஸ்டால் முடிச்சு கையெழுத்து வாங்கிட்டுப் போகணும்." எங்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் ஒரு முகவரியை பிங் செய்து பார்ப்பார். பதில் வராது. "பாயின்ட் ஐம்பத்தெட்டு காலியா இருக்குங்க, போட்டுக்கோங்க." பதில் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை. அந்த முகவரிக்குரிய கருவி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கலாம். திங்கட்கிழமை அதை ஆன் செய்ததும் இரண்டு கருவிகள் ஒரே முகவரியைச் சொந்தம் கொண்டாடும். ஒரு நேரம் இது பதில் சொல்லும், இன்னொரு நேரம் அது. ரிசல்ட் சில சமயம் போகும், சில சமயம் போகாது. இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் கண்டுபிடிக்க மிகக் கடினம். பட்டா எழுதாமல் நிலம் கொடுத்துவிட்டு, தகராறு வந்த பிறகு சர்வேயரைத் தேடியவர்கள் நாங்கள்.

கீழே ஓடும் ஏஆர்பி 1982-ல் எழுதப்பட்ட நெறிமுறை. 'இந்த ஐபி யாருடையது' என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் 'என்னுடையது' என்று சொல்லலாம். நிரூபிக்கச் சொல்ல அதில் வழி கிடையாது. முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கும் கணினிகளுக்கு அந்த நிரூபணத்தை வேறு விதத்தில் ஏற்படுத்தினார்கள். எந்த மேக் எந்த ஐபியை எந்தப் போர்ட்டில் வாங்கியது என்று ஸ்விட்ச் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும். அதற்கு முரணாக ஏஆர்பி வந்தால் தூக்கி எறியும். அருமையான காவல். ஆனால் நிலையான ஐபி உள்ள கருவி டிஎச்சிபியிடம் போவதே இல்லை, அட்டவணையில் அதன் பெயரே இருக்காது. காவலை இயக்கிய அன்றே லேபிள் பிரிண்டர்கள் எல்லாம் நின்றுபோகும். ஒவ்வொரு கருவிக்கும் மேக், ஐபி, போர்ட் மூன்றையும் கையால் பதிந்திருக்க வேண்டும். நாங்கள் அந்தப் போர்ட்டுகளை 'டிரஸ்ட்' என்று குறித்துவிட்டு வந்தோம். எதைப் பற்றி எங்களுக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அதைத்தான் முழுக்க நம்புவதாக ஸ்விட்சுக்கு எழுதிக் கொடுத்தோம். அடுத்த தளத்திலிருந்து ஒருவர் அந்த பிரிண்டரின் கேபிளைக் கழற்றித் தன் கணினியில் செருகினால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் அலட்சியத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பேசாத கருவியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு ரத்த அனலைசர் நிலையான ஐபியோடு இருக்கிறது. அதுவாக யாரையும் கூப்பிடாது. லேப் சர்வர் வந்து கேட்டால்தான் பேசும். இரவில் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் அனலைசர் தன் சொந்த யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தளத்தின் ஸ்விட்ச் இருக்கும் ரேக்கில் யுபிஎஸ் பேட்டரி செத்துப் போயிருக்கிறது, அதனால் ஸ்விட்ச் மட்டும் அணைந்து மறுபடி எழுகிறது. எழுந்ததும் அனலைசரின் போர்ட்டில் 'நீ யார்' என்று கேட்கிறது. பதில் இல்லை. சில ஸ்விட்சுகளின் இயல்பு அமைப்பில் இந்தக் காத்திருப்பு மட்டும் ஒன்றரை நிமிடம். பிறகு மேக் முகவரியைப் பார்த்தாவது விடலாம் என்றால், கருவி ஒரு பாக்கெட்டாவது அனுப்பினால்தானே மேக் முகவரி தெரியும்? அது அனுப்பாது, யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறது. சர்வர் கேட்கிறது. ஆனால் அனுமதி பெறாத போர்ட் இரண்டு திசையிலும் மூடியிருப்பதால் கேள்வி கருவிக்குப் போய்ச் சேரவில்லை. இப்படியே ஆளுக்கொரு பக்கம் காத்திருப்பார்கள்.

கீழே லேபில் டெக்னீஷியன் ஒருவர், எமர்ஜென்சி ரிசல்ட் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று, கருவித் திரையைப் பார்த்துத் தாளில் எண்களை எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். போனில் நாங்கள் அவருக்குச் சொன்ன வைத்தியம், "கேபிளை ஒருதரம் புடுங்கி மாட்டுங்க." சில நேரம் அதில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் கருவியையே ரீஸ்டார்ட் செய்யச் சொல்வோம். அது எழுந்து, தன்னைச் சரிபார்த்து, மறுபடி வேலைக்கு வரும் வரை சாம்பிள்கள் காத்திருக்கும்.

இதற்குத் தீர்வு அந்தத் தரநிலைக்குள்ளேயே இருக்கிறது. அனுமதி கிடைக்கும் வரை கருவியிடமிருந்து வருவதை மட்டும் தடுத்து, கருவியை நோக்கிப் போவதை விடலாம் என்று போர்ட்டுக்குச் சொல்ல முடியும். அப்போது சர்வரின் ஏஆர்பி கேள்வி கருவியை எட்டும், கருவி வாய் திறக்கும், ஸ்விட்ச் அதன் மேக்கைப் பிடித்துக்கொள்ளும், அனுமதி கிடைக்கும். ஒரு நிபந்தனை, போர்ட்டின் இயல்பு விலானும் அந்தக் கருவி வாழும் விலானும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் அமைப்பில் பெரும்பாலும் ஒரு வரிதான். அதைத் தேடிப் படிக்க ஒரு மதியம் போதும். நாங்கள் அந்த மதியத்தை ஒதுக்கவில்லை. அந்தப் போர்ட்டிலிருந்து 802.1எக்ஸை எடுத்துவிட்டோம். "இப்போதைக்கு ஓப்பன் பண்ணி விடு, காலையில பாத்துக்கலாம்." காலையில் வேறொரு வேலை வந்தது. திறந்து விட்ட போர்ட் அப்படியே இருந்தது. அடுத்த முறை கரண்ட் போனபோது அங்கிருந்து புகார் வரவில்லை. புகார் வராததைச் சரியாகிவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

தனிமைப்படுத்தும் விலான் விஷயமும் இதே. வைரஸ் பிடித்ததாகச் சந்தேகப்படும் கணினியை ஒதுக்குப்புறமான விலானுக்கு மாற்றினால், அது டிஎச்சிபியிடம் புது முகவரி வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். நிலையான ஐபி உள்ள கருவியை மாற்றினால் அது பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். புது விலானில் அந்த முகவரிக்குக் கேட்வே இல்லை. சிகிச்சை நடுவில் உள்ள கருவி அப்படியே துண்டாகிவிடும். எனவே இவற்றை விலான் மாற்றி அடக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே வைத்து, ரேடியஸ் சர்வர் மூலம் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஒரு அனுமதிப் பட்டியலை இறக்கலாம். எக்ஸ்ரே கருவி படச் சேமிப்பு சர்வரின் டைகாம் போர்ட்டைத் தவிர வேறெதையும் தொட முடியாதபடி செய்யலாம். இதற்குக் கருவியின் ஐபி ஸ்விட்சுக்குத் தெரிய வேண்டும், அதற்காக ஸ்விட்ச் அவ்வப்போது ஏஆர்பி கேள்வி அனுப்பும். இந்தக் கேள்வியைச் சில விண்டோஸ் கணினிகள் தவறாகப் புரிந்துகொண்டு 'ஐபி மோதல்' என்று கத்திய காலம் ஒன்று உண்டு. கேள்வியைச் சற்றுத் தாமதித்து அனுப்பச் சொன்னால் போதும் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்தார்கள். பல இடங்களில் நாங்கள் வசதியையே அணைத்துவிட்டோம். அதோடு அனுமதிப் பட்டியலும் போயிற்று.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில், செவ்வாய்க் கோளுக்கு ஊர்தி அனுப்பும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் 2018 ஏப்ரலில் ஒரு ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் நெட்வொர்க்கில் செருகியிருந்த ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி வழியாக உள்ளே வந்தவர்கள் ஏறத்தாழ பத்து மாதம் யார் கண்ணிலும் படவில்லை. 23 கோப்புகளில் சுமார் 500 மெகாபைட் தரவை எடுத்துச் சென்றிருந்தார்கள். 2019 ஜூனில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட தணிக்கை அறிக்கையில் என்னை உலுக்கியது அந்தக் குட்டிக் கணினி அல்ல. புதுக் கருவிகளை ஏன் தரவுத்தளத்தில் பதிவதில்லை என்று கேட்டபோது, அங்கே பணிபுரிந்த சிஸ்டம் அட்மின் ஒருவர், பதிவு செய்யும் வசதி சில நேரம் வேலை செய்வதில்லை, பிறகு பதியலாம் என்று விட்டு மறந்துவிடுவேன் என்கிற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் ஐபி லிஸ்ட் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் நாங்களும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

டெல்லி எய்ம்ஸ் இன்னும் பக்கத்தில் நடந்தது. 2022 நவம்பர் 23-ல் சர்வர்கள் முடங்கின. பதிவு, பில்லிங், லேப் ரிசல்ட் எல்லாம் நாள்கணக்கில் கையால் நடந்தன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. காரணமாகச் சொன்னது, நெட்வொர்க்கைச் சரியாகப் பகுக்கவில்லை என்பது. அந்தப் பதிலை எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்துகொண்டோம். அதில் சொன்ன குறை எங்கள் இடத்திலும் உண்டா என்று எத்தனை பேர் அன்று மாலை போய்ப் பார்த்தோம்? லேபிலிருந்து கணக்குப் பிரிவு சர்வரைத் தொட முடியுமா என்று சோதிக்க ஒரே ஒரு கட்டளை போதுமாயிருந்தது.

பெயரில்லாத நிலையான ஐபிக்கு இன்னொரு விலையும் உண்டு. 2022 ஏப்ரல் 28-ல் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் வைத்திருக்கிறோம். ஆனால் அதில் 10.10.4.37 என்று வந்தால் அது எது? டிஎச்சிபி கணினியென்றால் அந்த நேரத்தில் அந்த முகவரியை யார் வைத்திருந்தார் என்று சர்வர் சொல்லும். நிலையான முகவரிக்கு எங்கள் எக்செல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆறு மணி நேரத்தில் ஒரு பகுதி அந்தக் கருவி எந்த மாடியில் இருக்கிறது என்று தேடுவதிலேயே கழியும்.

கம்பெனிக்காரர்கள் மேல் பழி போட எங்களுக்கு நிறையக் காரணம் உண்டு. பழைய இயங்குதளம், மாற்ற முடியாத கடவுச்சொல், ஏஎம்சி முடிந்தால் தொடாதே என்ற நிபந்தனை. எல்லாம் உண்மை. ஆனாலும் கருவி வாங்கும் டெண்டரில் மின்னழுத்தம் கேட்டிருக்கிறார்கள், வாரன்டி கேட்டிருக்கிறார்கள், உதிரிபாகம் கேட்டிருக்கிறார்கள். 802.1எக்ஸ் உண்டா, டிஎச்சிபியில் ஓடுமா, எந்தெந்தப் போர்ட்டுகள் வேண்டும் என்று ஒரு வரி கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாங்கள். மருத்துவக் கருவிகளை நெட்வொர்க்கில் சேர்ப்பதில் மருத்துவமனைக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள பொறுப்புகளை எழுதிக்கொள்ளச் சொல்லும் ஐஇசி 80001-1 என்ற தரநிலை 2010-லேயே வந்துவிட்டது. கருவியின் பாதுகாப்புத் திறன்களைத் தயாரிப்பாளரே நிரப்பித் தரும் எம்டிஎஸ்2 என்ற படிவமும் இருக்கிறது. கேட்டால் பலர் தருகிறார்கள். பயோமெடிக்கல் பிரிவு ஒரு மாடியில், நாங்கள் ஒரு மாடியில். கருவி பெட்டியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அதுவும் ஐபி கொடுக்க.

நிலையான ஐபி கேட்ட கருவிகளில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. டிஎச்சிபி சர்வரில் அந்தக் கருவியின் மேக்குக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால், கருவிக்கு எப்போதும் அதே முகவரி கிடைக்கும், ஸ்விட்ச் அட்டவணையிலும் பெயர் ஏறும், பதிவும் தானாக இருக்கும். வருகைப் பதிவுக் கருவிகள், பிரிண்டர்கள், கேமராக்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். பல வருகைப் பதிவுக் கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.1.201 என்ற முகவரியோடு வருவதால், அப்படியே செருகி ஓடவிட்டு, அதுதான் அதன் முகவரி என்று ஏற்றுக்கொண்டோம். மெனுவுக்குள் போய் டிஎச்சிபியைத் தட்டிவிடும் வேலையைக்கூடச் செய்யவில்லை.

இனி இதைச் சரிசெய்ய எந்தப் புது மென்பொருளும் முதலில் தேவைப்படாது. ஸ்விட்சுகளின் மேக் அட்டவணையும் ரூட்டரின் ஏஆர்பி அட்டவணையும் இப்போதே இருக்கின்றன. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று அவை சொல்லும். டிஎச்சிபி சர்வரின் பட்டியலை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது நாங்கள் மறந்த கருவிகள். அவற்றை ஸ்கேன் செய்யும் மென்பொருளால் தட்டிப் பார்க்கக் கூடாது. பழைய கருவிகள் சில, வழக்கமில்லாத பாக்கெட் வந்தால் உறைந்துபோகும். அவற்றின் போக்குவரத்தை ஓரமாக நின்று கேட்டாலே எது எதோடு பேசுகிறது என்று தெரிந்துவிடும். விலக்கு கொடுத்த ஒவ்வொரு போர்ட்டுக்கும் பொறுப்பாளர் பெயரும் விலக்கு முடியும் தேதியும் எழுத வேண்டும். தேதி தாண்டினால் எங்களுக்கு மட்டும் அல்ல, அந்தத் துறைத் தலைவருக்கும் அஞ்சல் போக வேண்டும்.

யாருடையது என்றே தெரியாத போர்ட்டுகள் அப்போதும் மிஞ்சும். அலுவலகங்களில் அப்படிப்பட்ட போர்ட்டை மூடிவிட்டு, யார் போன் செய்கிறார்கள் என்று காத்திருப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். கணக்குப் பிரிவு இருக்கும் தளத்தில், பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு அதைச் செய்யலாம். ஐசியூவிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் லேபிலும் செய்யக் கூடாது. அங்கே பயோமெடிக்கல் பிரிவு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பணியில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, கையில் போர்ட் எண்ணோடு கட்டில் கட்டிலாகப் போய், கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்து, கருவியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளில் ஒரு வார்டுதான் முடியும்.